கணபதியண்ணன் நம்பர்

மடுல்கெல்லையில் பஸ் திரும்புகிற இடத்திலிருந்து அரைமணி நேரம் மேலே ஏறினால் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லயம் வரும். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். எண்ணிப் பார்த்தால் எட்டோ ஒன்பதோ போன் இருக்கும். ஆனால் நம்பர் என்று கேட்டால் அத்தனை பேர் வாயிலும் ஒரே நம்பர்தான் வரும். பாங்கில் கேட்டாலும் அதுதான், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் அதுதான், கிளினிக் அட்டையிலும் அதுதான். கணபதியண்ணன் நம்பர் என்பார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் போன் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விடும். மிச்சமிருக்கிற போன்களில் பாதி நேரம் சார்ஜ் இருக்காது, சார்ஜ் இருந்தால் கவரேஜ் இருக்காது. கடைசிக் காம்பராவின் வாசலில், கொய்யா மரத்தடியில் மட்டும் கவரேஜ் நன்றாக விழும். அது கணபதியின் வாசல். பாக்டரியில் கால் நசுங்கியதிலிருந்து அவர் வேலைக்குப் போவதில்லை. அந்த மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அழைப்பு வந்தால் நொண்டி நொண்டிப் போய்க் கதவைத் தட்டி ஆளைக் கூட்டி வருவார், மெசேஜ் வந்தால் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்துவிடுவார். ரகசியம் ஏதாவது இருந்தால் அந்த நம்பருக்கு அனுப்பாமல் இருப்பதுதான் நல்லது.

ஏழு ஏழில் முடிகிற அந்த நம்பரை லோஜினி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கு இருபது வயது. அப்பா இல்லை. அம்மா ரத்தினம்மா கொழுந்தெடுக்கிறவள். கண்டியில் ஒரு நிறுவனம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று நடத்துகிற இலவசக் கணினி வகுப்பில் லோஜினி சேர்ந்து ஐந்து மாதமாகிறது. வார நாட்களில் விடுதி, சனிக்கிழமை பின்னேரம் வத்தேகம வழியாக வீடு. வகுப்பின் கடைசி மூன்று வாரத்துக்குப் பாடம் இல்லை. ஆளுக்கொரு கணினி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை தெரிந்தவர்களின் பக்கத்திலேயே நிழல் மாதிரி இருந்து அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். லோஜினிக்கு விழுந்தது கட்டுகஸ்தோட்டை வீதியில் துணிக்கடைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகம்.

நிழலாக இருப்பது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் இரண்டு நாளும் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போகவே பயந்தாள். ஏசிக் குளிரில் கை விறைத்தது. எதிரே இருந்த மின்ஹா அவளைவிட நாலு வயதுதான் மூத்தவள், ஆனால் கீபோர்ட்டைப் பார்க்காமலே அடித்தாள். பெரியவர் நஸீப், அக்குறணைக்காரர், தணிந்த குரல். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் லோஜினிக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

"எந்தப் பட்டியலத் தொட முந்தியும் ஒரு கொப்பி எடுத்து வெச்சிட்டுத் தொடணும். அப்பதான் பிழ பெய்த்தாலும் திருப்பி எடுக்கேலும். வெளங்கிச்சா?"

"வெளங்குச்சு சேர்."

மூன்றாம் நாள் புதன்கிழமை. ஒரு தர்ம ஸ்தாபனம் கண்டியில் இலவசக் கண் சத்திரசிகிச்சை முகாம் வைக்கிறது, அதற்கு இந்த அலுவலகம் சம்பளம் வாங்காமல் பட்டியல் தயாரித்துக் கொடுக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய்க் கண் பார்த்த தொண்டர்கள் பதிந்து அனுப்பிய பெயர்கள். எழுதினவர்கள் பலர் என்பதால் ஒரே ஆள் இரண்டு மூன்று தரம் பதியப்பட்டிருந்தார். ஒரே போன் நம்பர் திரும்ப வந்தால் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது என்று நஸீப் விதி போட்டிருந்தார். அந்த வேலையைத்தான் லோஜினியிடம் கொடுத்தார்கள். அவள் கையால் செய்கிற முதல் வேலை. கொப்பி எடுத்து வைத்தாள். நம்பர் வரிசையில் அடுக்கினாள். இரண்டிரண்டாக வந்ததை அழித்துக்கொண்டே வந்தாள். வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

பிறகு ஏழு ஏழில் முடிகிற அந்த நம்பர் வந்தது. ஒன்றின்கீழ் ஒன்றாக ஒன்பது தரம்.

மின்ஹா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"நஸீப் நாநா, இங்க வந்து பாருங்களே. ஒரே நம்பர், ஒம்பது தரம்! ஆரோ வெளயாடியீக்கி."

நஸீப்பும் வந்து பார்த்துச் சிரித்தார். "ஒரு மனிசனுக்குப் பதினெட்டுக் கண்ணா? மடுல்கெல்லப் பக்கம் போட்டீக்கி. லோஜினி, உங்கட ஊர் தானே? இந்த நம்பர் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அது எங்கள் லயத்து நம்பர் சேர், எங்கள் ஆட்கள் எல்லாரும் அதைத்தான் கொடுப்பார்கள் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்டது எதுவும் இல்லை, இருந்தாலும் அவளுக்குக் காது சுட்டது. பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு போன் என்று இந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"தெரியாது சேர்" என்றாள். கூடச் சிரிக்கவும் செய்தாள்.

"அப்ப கடைசி ஒண்ட வெச்சிட்டு மத்தத அழிங்க."

எட்டு வரியை அழித்தாள். பெயர் இருந்த பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பார்க்காமல் இருந்தால் தெரியாமல் செய்ததாகிவிடும் என்று அந்த நேரத்துப் புத்திக்குப் பட்டது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது மழை விட்டு மூட்டம் இறங்கியிருந்தது. ரத்தினம்மா வாசலில் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுக்குக் கையோடு உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் பூ விழுந்து ஒரு வருசமாகிறது, இடது கண்ணிலும் இப்போது தொடங்கிவிட்டது. கொழுந்தை விரலால் தடவித்தான் எடுக்கிறாள். விரலுக்குத் தெரியும், ஆனால் விரல் மெல்லத்தான் தெரிந்துகொள்ளும்.

"இன்னைக்கும் கங்காணி கூடையக் கொட்டிப் பாத்தாரு" என்றாள். "முத்தல், கம்புன்னு அள்ளி வெளிய எறிஞ்சாரு. இந்தத் தடவயும் அரப்பேருதான், பாதிச் சம்பளம். இன்னொருக்கா இப்புடிக் கொண்டாந்தா மலைக்கே வராதன்னு சொல்லிட்டாரு."

"அழுதீங்களாம்மா?"

"எதுக்கு அழுவுறது? அதான் மெசேஜ் வந்திருச்சே. ஒனக்குத் தெரியாதா? வியாழக்கெழம கண்டிக்கு வரச் சொல்லிப் போட்டிருக்கான். கண்ணுக்கு."

லோஜினி பையை இறக்காமலே கேட்டாள். "யாருக்கு வந்துச்சு?"

"நம்ம லயத்துக்குத்தான். வேற யாருக்கு?"

பிறகுதான் அவள் மெல்ல விசாரித்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வார நாளில் கண் பார்க்க ஆட்கள் வந்தார்களாம். லயத்தில் ஒன்பது பேருக்குச் சத்திரசிகிச்சை வேண்டுமென்று எழுதினார்களாம். எல்லாரும் நம்பர் கொடுத்தார்களாம்.

"நீங்க என் நம்பரக் குடுத்திருக்கலாம்லம்மா?"

ரத்தினம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "நீதான சொன்ன, வகுப்பு நடக்கையில போன் அடிச்சா வெக்கமா இருக்கு, எல்லாத்துக்கும் என் நம்பரக் குடுக்காதீங்கன்னு. அதான் கணபதியண்ணன் நம்பரக் குடுத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை லயமே கொய்யா மரத்தடியில் கூடியிருந்தது. எந்தச் சேலை உடுத்துவது, எத்தனை மணி பஸ், ரொட்டி கட்டிக்கொண்டு போவதா கடையில் தின்பதா என்று கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் பேச்சு. அங்கம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், உருவம் தெரியாது. கணபதி பூ விழாத கண்ணுக்குக் கிட்டே போனைப் பிடித்து மெசேஜை நாலாவது தரமாக வாசித்தார்.

"கணபதி மாமா" என்றாள் லோஜினி. "மெசேஜுல ஒங்க பேரு மட்டுந்தான இருக்கு?"

"ஆமா புள்ள. நம்பர் என் பேர்ல இருக்கில்ல, அதான் அப்புடி வருது."

"இல்ல மாமா, ஆளுக்கொரு மெசேஜ்ல வரணும்..."

கணபதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். கணினி படித்தும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்கிற பார்வை. "கொரோனா ஊசிக்கும் ஒரே மெசேஜுதான் வந்துச்சு. லயமே போய்ப் போட்டுக்கிட்டு வரலியா? நம்ம நம்பருக்கு எப்பவும் ஒண்ணுதான் வரும். ஒண்ணு வந்தா எல்லாருக்கும் வந்த மாதிரி."

பக்கத்தில் நின்ற கணேஸ், அவருக்கு ஒரு கண்ணில் பூ, "அன்னைக்குப் போனதுக்குத் தோட்டத்துல வேல மறிச்சாலும் பரவால்ல, கண்ணு வந்தாச் சரி" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். லோஜினி வாயைத் திறந்தாள். நான்தான் அழித்தேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. அம்மா அவள் தோளில் கையை வைத்து, "எம்மக கண்டியிலதான இருக்கா, எடம் தெரியாட்டி அவகிட்டக் கேட்டுக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை. நாளைக்குக் காலையில் நஸீப் சேரிடம் சொல்லிவிடலாம், கொப்பி இருக்கிறது, திருப்பி எடுக்கலாம் என்று தன்னைத்தானே ஆற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் போய் உட்காருமுன்னே நஸீப் கூப்பிட்டார்.

"நீங்க துப்புரவாக்கின பட்டியல் நல்லம். நம்மட டைரக்டர்ட்டச் செல்லீக்கேன். வகுப்பு முடிஞ்சதும் ட்ரெயினியா எடுக்கலாம் எண்டார். வீட்டுக்கிட்டச் செல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

மின்ஹா அவளுக்கு ஒரு சொக்லட் கொடுத்தாள். இந்த நேரத்தில் போய், அந்தப் பட்டியலில் பிழை இருக்கிறது, பிழை என்று தெரிந்தே செய்தேன், கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? பின்னேரம் சொல்லலாம் என்றிருந்தாள். பின்னேரம் நஸீப் கூட்டத்துக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அவர் காலையிலிருந்து போனில் இருந்தார். புதன்கிழமை சொல்லிப் பயனில்லை என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் விடுதிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவவும் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை விடியும்போதே கண்டியில் மழை. முகாம் நடந்த சிகிச்சை நிலையம் நகரத்துக்குச் சற்று வெளியே, சரிவில் இருந்தது. நஸீப் மின்ஹாவையும் லோஜினியையும் கூட்டிப் போயிருந்தார். வாசல் மேசையில் மின்ஹா ஆளைப் பெயர் கேட்பாள், லோஜினி லாப்டொப்பில் பார்த்து இருக்கிறது இல்லை என்று சொல்ல வேண்டும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

எட்டரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒன்பது பேரும் நனைந்திருந்தார்கள். ரத்தினம்மா தீபாவளிச் சேலை உடுத்தியிருந்தாள். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம், மறுகையில் அங்கம்மாவின் கை. முன்னால் கணபதி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். லோஜினி தலையைக் குனிந்து திரையையே பார்த்தாள்.

"கணபதி... ஈக்கி" என்று மின்ஹாவே லாப்டொப்பை எட்டிப் பார்த்து, பெயர் இருப்பதாகச் சொன்னாள். "உள்ளுக்குப் போங்க ஐயா. இவங்கெல்லாம் உங்களோட வந்தவங்களா?"

"இவங்களும் கண்ணுக்குத்தாம்மா. எல்லாருக்கும் இந்த மெசேஜுதான்."

"இது உங்களுக்கு மட்டும் வந்த மெசேஜ் ஐயா."

"இல்லம்மா, எங்க நம்பருக்கு எப்பவுமே ஒண்ணுதான் வரும்."

மின்ஹாவுக்கு விளங்கவில்லை. "சரி, ஒவ்வொருத்தரா பேரச் செல்லுங்க, பாப்போம்."

கணேஸ் பெயர் சொன்னார். இல்லை. அங்கம்மா பெயர் சொன்னாள். "இல்லீங்க" என்றாள் லோஜினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஏ ரத்தினம், இது நம்ம லோஜினி கொரலு மாதிரி இருக்கே?"

ரத்தினம்மா மேசைக்குக் கிட்டே குனிந்தாள். மங்கின கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு முழ தூரத்தில், பார்த்தாள். குனிந்த தலையையும் கழுத்து அட்டையையும் பக்கத்தில் இருந்த மின்ஹாவையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஓர் அடி பின்னால் போனாள்.

"சும்மா இரு அங்கம்மா. அவங்க ஆபீஸ் பொண்ணுங்க" என்றாள். "ரத்தினம்மான்னு பாருங்க மிஸ். மடுல்கெல்ல."

பெற்ற தாய் மிஸ் என்கிறாள். மகளுக்கு வெட்கம் வந்துவிடக்கூடாதென்று யாரோ மாதிரி நிற்கிறாள். ஒரு வாரமாக லோஜினி கட்டி வைத்திருந்த காரணமெல்லாம் அந்த ஒரு சொல்லில் இடிந்து விழுந்தது. எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"அம்மா" என்றாள். "மின்ஹா அக்கா, இது எங்கம்மா. இவங்க எல்லாம் எங்க லயத்து ஆளுங்க."

அதற்குமேல் அங்கே நின்று பேச முடியாமல் நஸீப்பைத் தேடிக்கொண்டு ஓடினாள். அவர் நடையில் வயர் சரிசெய்து கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நம்பர் சொன்னாள், கொய்யா மரம் சொன்னாள்.

நஸீப் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லாஹ். அது நான் போட்ட விதி, லோஜினி. ஒரு நம்பருக்கு ஒராள் எண்டு நெனச்சது என்ட பிழ. நீங்க என்ன செய்ற?"

"இல்ல சேர். எனக்கு அந்த நம்பர் தெரியும். நீங்க கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழமையே இவங்க வரப்போறாங்கன்னும் தெரியும் சேர்."

"திங்கக்கெழம செல்லீந்தா..." என்று தொடங்கினார். முடிக்காமல் விட நினைத்திருப்பார், ஆனால் மனிதருக்கும் மனம் பொறுக்கவில்லை. "பத்து இடம் கையில ஈந்திச்சி. செவ்வாக்கெழம காலையிலதான் மாத்தளையாக்களுக்குக் குடுத்தேன். அவங்களும் வந்துட்டாங்க இப்ப."

அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு டொக்டரிடம் கேட்கப் போனார். இன்றைக்கு அறுபது பேர், அதற்குமேல் ஒரு கண்ணும் தொட முடியாது, அடுத்த முகாம் நாலு மாதத்தில் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வந்தவர்களில் யாருக்காவது பிரஷர் ஏறி நிறுத்தினால் அந்த இடத்தைத் தருவதாகச் சொன்னாராம்.

மழை நிற்கவில்லை. லயத்து ஆட்கள் நடை ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கணபதி தனியாக உள்ளே போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். "எல்லாருக்கும் வந்த மெசேஜுக்கு நான் மட்டும் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். எல்லாரும் சேர்ந்து திட்டித்தான் அவரை அனுப்பினார்கள். லோஜினி அவர்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் அழிச்சேன்" என்றாள். "ஒங்க எட்டுப் பேரு பேரையும் நான்தான் அழிச்சேன். நம்ம நம்பருன்னு தெரிஞ்சும் அழிச்சேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கணேஸ் எழுந்தார். "நாங்க பட்டி தொட்டியெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம், நம்ம புள்ள ஒண்ணு கம்ப்யூட்டர் படிக்குதுன்னு" என்றார். "நல்லாப் படிச்ச." மழையிலேயே இறங்கி வாசல் பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுநாள் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"வெக்கமா இருந்துச்சும்மா. அவங்க சிரிச்சாங்க."

"என்னா வெக்கம்? ஒம்பது பேரு ஒரு போன வெச்சுக்கிட்டதுக்கா?"

லோஜினிக்கு அழுகைதான் வந்தது. ரத்தினம்மா அவளை அணைத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்து, காய்ந்துபோன ரொட்டியில் சம்பலை வைத்து, எல்லாருக்கும் கொடுத்தாள். கடைசித் துண்டை மகள் பக்கம் நீட்டினாள். "காலையில தின்னுருக்கமாட்ட" என்றாள்.

பதினொன்றரைக்கு மின்ஹா ஓடி வந்தாள். அவள் முகமும் அழுத முகமாக இருந்தது. ஒரு மாத்தளைக்காரருக்குப் பிரஷர் இருநூறு, நிறுத்திவிட்டார்கள், ஓர் இடம் இருக்கிறது. "உங்கட உம்மாவக் கூட்டிட்டு வாங்க, லோஜினி. நான் பேரப் போட்டீக்கேன்."

லோஜினி அம்மாவைப் பார்த்தாள். கங்காணி கூடையைக் கொட்டுவதும், இன்னும் நாலு மாதம் விரலால் தடவி எடுக்கப்போகிற கொழுந்தும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. போங்கம்மா என்று கெஞ்ச வேண்டும் போலிருந்தது. ஆனால் கெஞ்ச அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ரத்தினம்மா யோசிக்கக்கூட இல்லை. அங்கம்மாவின் கையை எடுத்து மின்ஹாவின் கையில் வைத்தாள். "இவள மொத கூட்டிட்டுப் போங்க மிஸ். எனக்கு வெரலாவது இருக்கு. இவளுக்கு அதுவும் ஒத்தாசைக்கு இல்ல."

அங்கம்மா உள்ளே போனாள்.

பின்னேரம் முகாம் மேசையிலேயே நஸீப் லாப்டொப்பில் பழைய கொப்பியைத் திறந்து வைத்தார். அடுத்த முகாமுக்கு ஏழு பேரையும் முதலாவதாகப் போட வேண்டும். மேசையில் தன் இடத்தை விட்டு எழுந்து, "நீங்களே போடுங்க" என்றார் லோஜினியிடம். டைரக்டரிடம் பேசினதைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. "அந்த விதிய நான் மாத்திட்டேன். ஒரு நம்பருக்கு எத்தன பேரும் ஈக்கலாம்."

லோஜினி உட்கார்ந்தாள். கணேஸ் என்று அடித்தாள். மற்றவர்கள் பெயரையும் ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியாக ரத்தினம்மா. நம்பர் என்கிற கட்டத்தில் தன்னுடைய சொந்த நம்பரை அடித்தாள். அடித்துவிட்டு, பின்னால் நின்ற அம்மாவுக்கு வாசித்தும் காட்டினாள்.

"என் நம்பரப் போட்டுட்டேன்மா. மெசேஜ் வந்தா நானே ஒடனே சொல்றேன். வகுப்போ வேலையோ, எங்க இருந்தாலும் எடுப்பேன்."

ரத்தினம்மா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரிந்திருக்காது.

"வேணாம் புள்ள" என்றாள் மெல்ல. கோபமே இல்லை அந்தக் குரலில். "கணபதியண்ணன் நம்பரே போடு. அவரு சொல்லிருவாரு."